ஒரே பால், இரண்டு தீர்ப்பு

பால் பார்க்கும் வைத்தியர் வீட்டு வரிசை தெருமுனையைத் தாண்டியிருந்தது. பிள்ளை பெற்றவள் ஒவ்வொருத்தி கையிலும் ஒரு குப்பி. தாய்ப்பாலில் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீர்த் தம்ளரில் விடுவார். அமிர்தமா தண்ணியா என்று உடனே தெரிந்துவிடுமாம். தண்ணியென்றால் தாய்ப்பாலை நிறுத்திவிட்டு அவருடைய சத்துமாவைக் கரைத்துக் கொடுக்கவேண்டும். மாவு அவரிடம் மட்டுமே கிடைக்கும். ஞானம் அப்படிப்பட்டது!

வரிசையில் மாமியாரோடு வந்திருந்த மருமகள் மடியில் நாலு மாதக் குழந்தை. எடை ஒழுங்காக ஏறுகிறது, ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் போதும், அதன்பிறகு தாய்ப்பாலைத் தொடர்ந்தபடியே மசித்த உணவும் ஊட்டலாம், எத்தனையோ நாட்டுக் குழந்தைகளைப் பார்த்துக் கண்டறிந்தது இது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். ஆனால் குழந்தை அழும்போது நர்ஸ் எங்கே நினைவுக்கு வருகிறாள்? "பால் பத்தல" என்ற மாமியாரின் முனகல்தான் காதில் விழும். தன் உடம்பே தன்னை ஏமாற்றுகிறதோ என்று உள்ளுக்குள் நடுங்குவாள்.

நாத்தனாரும் தன் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். "ரெண்டு குப்பியும் நானே எடுத்துட்டு வர்றேன் அண்ணி" என்று காலையிலேயே வாங்கிக்கொண்டவள்.

மருமகள் குனிந்த தலையோடு, நாத்தனார் கொடுத்த குப்பியை நீட்டினாள். வைத்தியர் முதலில் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகுதான் தம்ளரை.

"சுத்தத் தண்ணிம்மா. இன்னியோட நிறுத்திடு."

"நான் அப்பவே சொல்லல?" மாமியாருக்குப் பரீட்சையில் தேறிய பூரிப்பு.

மருமகள் குழந்தையை இறுக அணைத்துக்கொண்டாள்.

நாத்தனார் ராணி மாதிரி எதிரே உட்கார்ந்தாள். "பாத்துச் சொல்லுங்க சாமி."

சொட்டு விழுந்தது. "அடடா, அமிர்தம்! நூல் மாதிரி இறங்குது பாரு!"

"எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க."

"அமிர்தம்!"

"இதுவும் எங்க அண்ணி பால்தாங்க. ஒரே பாலை ரெண்டு குப்பியில ஊத்திட்டு வந்தேன்."

வைத்தியர் தொண்டையைச் செருமினார். "குப்பி மாறினா குணமும் மாறும்மா."

"அப்ப மாவைக் குப்பிக்கு ஊட்டுங்க. எங்க அண்ணியை விட்டுடுங்க!"

யாரோ களுக்கென்று சிரித்தாள்.

"உனக்கெப்படிடி தெரிஞ்சுது?" மாமியார் கிசுகிசுத்தார்.

"பக்கத்து வீட்டு அக்காவோட வந்தப்ப பாத்தேம்மா. பயந்து வர்றவங்க பால் மட்டும்தான் இங்க தண்ணியாகுது."

குழந்தை சிணுங்கியது. மாவு டப்பாவுக்குப் போன மாமியாரின் கை பாதியில் நின்றது. மருமகள் துண்டைப் போர்த்திக்கொண்டு, வைத்தியர் வீட்டு நாற்காலியிலேயே நன்றாகச் சாய்ந்து பால் கொடுத்தாள். இந்தத் தடவை தலை குனியவில்லை.

பால் மிதக்கிறதா, மூழ்குகிறதா என்று தம்ளரைப் பார்த்தது போதும் தாய்மாரே. தம்ளரை நீட்டுகிறவன் கண் எங்கே மேய்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.