இன்சுலினுக்காக அறுத்த மல்லிகைச் சரம்

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வாயை மூடத் தெரியாதவளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் உட்கார வைக்கவே கூடாது. எண்பதுகளின் தொடக்கத்தில், திருவண்ணாமலையில் எங்கள் வீட்டில் என்னை உட்கார வைத்தார்கள். வேலூரில் விலங்கியல் எம்.எஸ்சி. முடித்திருந்தேன். (பெண்ணுக்கு எதுக்கு இவ்ளோ படிப்பு என்று அப்பாவிடம் சண்டை போட்ட உறவெல்லாம் அன்று கூடத்தில்தான் இருந்தது.)

மாப்பிள்ளை கீழ்பென்னாத்தூர்க்காரர், தபால் ஆபீசில் வேலை. அவர் அப்பாவிடம் கேசரியை நீட்டினேன்.

"வேணாம்மா, தினம் இன்சுலின் ஊசி போடறேன்" என்றார்.

அத்தோடு உள்ளே போயிருக்கலாம். "அதை உடம்பு எப்படிச் செய்யுதுன்னு தெரியுங்களா?" என்றேன்.

"சொல்லுங்க" என்றார் மாப்பிள்ளை. அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கெடுத்தது.

"கணையத்துல இருக்கிற செல்லுக்குள்ள முதல்ல ஒரே நீளச் சரமாத்தான் வருங்க." சரத்துக்கு எங்கே போவது? தலையில் இருந்ததே! மல்லிகையை உருவி மடித்தேன். பக்கத்தில் அம்மாவின் தையல் மெஷின். நூல் எடுத்து இரண்டு இடத்தில் முடிந்தேன். "இப்படி மடங்கி இறுகிக்கும். நடுத்துண்டை வெட்டி எடுத்தாத்தான் வேலை செய்யும்." கத்திரிக்கோலால் அறுத்தேன்.

"ஐயையோ!" என்று மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார். வியப்பு என்று நினைத்தேன்.

"இருங்க அத்தை, இன்னும் முடியல." (நிச்சயமே ஆகவில்லை, அதற்குள் அத்தை!) மீதிப் பூவைக் காகிதப் பொட்டலத்தில் போட்டேன். "குட்டிக் குட்டிப் பையில அடைச்சு ரெடியா வச்சிருக்கும். ரத்தத்துல சக்கரை ஏறினதும் பை ஓரத்துக்கு வந்து ஒட்டி, வாயைத் திறந்து வெளியே கொட்டிடும்." கவிழ்த்தேன். அவர் அப்பாவின் காபி டம்ளரில் கொட்டியது.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. "அந்த வெட்டின துண்டு இன்னாங்க ஆகும்?" என்றார். அதை என் வகுப்பில்கூட யாரும் கேட்டதில்லை.

"கெளம்புடா. தலைப்பூவைத் தானே அறுத்துக்கிறவ நமக்கு வேணாம்" என்றார் அவர் அம்மா.

தெருமுனையில் மாப்பிள்ளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நான் வாசலுக்கு ஓடி, "அதுவும் இன்சுலின் கூடவே வெளியே வந்துடுங்க!" என்று கத்தினேன். தெருவே கேட்டது. அப்பா அன்று சாப்பிடவில்லை.

அப்புறம் அமைந்த கணவர் தங்கமானவர். ஆனால் செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று இதுவரை ஒருநாளும் கேட்டதில்லை. நான் எதையாவது விளக்க ஆரம்பித்தால், "பூவை எடுத்து ஒளிச்சு வைங்க" என்பார், வீடே சிரிக்கும்.

என் மகளைப் பெண் பார்க்க வந்த அன்று, "அம்மா எங்கேம்மா?" என்று அவர்கள் கேட்டார்கள்.

"கோயிலுக்குப் போயிருக்காங்க" என்றாள் மகள்.

நான் சமையல்கட்டில், கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.