‘சுடர்’ இதழுக்கு நான் தேர்ந்தெடுத்த நிறம்

சென்னையில் எந்த இரண்டு நிறங்களை அடுத்தடுத்து வைத்தாலும் அது ஒரு கட்சிக்கொடியாகிவிடும். இந்த அரிய உண்மையைக் கண்டுபிடித்தவன் நான்தான் என்ற மிதப்பில், போன வருடம் என் மகளின் பெயரைக் கெடுத்தேன்.

மகள் வித்யா அப்போது பதினொன்றாம் வகுப்பு. கோபாலபுரத்தில் அவள் படிக்கும் பள்ளியின் ஆண்டு மலர் ‘சுடர்’. அவள்தான் மாணவர் ஆசிரியர். தலைமையாசிரியை ஓய்வு பெறும் வருடம் என்பதால் அட்டையில் அவர் படம். அதற்கு மேலே வரும் இதழின் பெயரை வித்யாவே வடிவமைத்திருந்தாள். கையால் எழுதியது போன்ற மெல்லிய எழுத்து, ஆரஞ்சும் பச்சையும். ஒரு மாதம் உட்கார்ந்து செய்தது. மயிலாப்பூர் அச்சகத்தில் கொடுத்துவிட்டு வரும் வேலை மட்டும் எனக்கு. (கூரியர்காரர் செய்கிற வேலை. அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை.)

அச்சகத்தின் கணினித் திரையில் அந்த ஆரஞ்சையும் பச்சையையும் பார்த்ததும் எனக்குக் கட்சிக்கொடிதான் தெரிந்தது. நாளைக்கு யாராவது ஏதாவது கேட்டால்?

“ப்ளூ வெச்சுடலாமா சார்?” என்றார் கணினியில் இருந்த மூர்த்தி.

“அதுவும் ஒரு கட்சி.”

“செவப்பு?”

“அது ரெண்டு மூணு கட்சி.”

“அப்ப கறுப்புதான் சார் கீது.”

வெள்ளையில் கறுப்பு. யாரும் வாய் திறக்க முடியாது. எழுத்தும் ஒல்லியாக இருக்கிறதே என்று, இருப்பதிலேயே தடித்ததைக் காட்டினேன்.

“அத்த நாங்க வேற வேலைக்கு வெச்சுகிறோம் சார்.”

ஆயிரம் கேள்வி கேட்கும் நான், எந்த வேலை என்று மட்டும் கேட்கவில்லை. பெயர் சுடர் ஆயிற்றே என்று இருபுறமும் ஒவ்வொரு குத்துவிளக்கு வைக்கச் சொன்னேன். சுற்றிலும் கறுப்புக் கட்டம்.

“பாப்பாவ ஒரு வார்த்த கேட்டுக்கலாமே சார்.”

“நான் அவ அப்பா” என்றேன், அது ஏதோ ஓவியக் கல்லூரிப் பட்டம் மாதிரி.

இதழ்க் கட்டுகளும், அதே அட்டையைப் பெரிதாக்கி வாசலில் கட்டும் பேனரும் விழா அன்று காலைதான் அச்சகத்திலிருந்து நேராகப் பள்ளிக்கு வந்தன. நானும் வித்யாவும் போனபோது, வாசலில் பூ விற்கும் அம்மா பேனருக்குக் கீழே ஒரு சாமந்தி மாலையை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நேத்துகூட எங்கைல பூ வாங்கினு போச்சு சார். எப்ப ஆச்சு?”

வித்யா பேனரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்த நேரத்தில் ஆட்டோவிலிருந்து இறங்கினார் தலைமையாசிரியை.

“நான் ரிட்டயர்தாம்மா ஆகறேன்” என்றார் பூக்கார அம்மாவிடம்.

எங்கள் இருவரையும் தன் அறைக்கு அழைத்து, “யார் பண்ணின டிசைன் இது?” என்று கேட்டார். அவர் தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு எத்தனை இறக்கை என்று நான் மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்தேன். (மூன்று.)

“நான்தான் மிஸ்” என்றாள் வித்யா.

இதழ் வெளிவரவில்லை. அவள் மேடையில் படிக்க வேண்டிய ஆசிரியர் உரையும் நின்றுபோனது. அந்த நேரத்தில் வேறொரு பெண் பாடினாள்.

மறுநாள் போய் உண்மையைச் சொன்னேன். மறுநாள் சொல்லும் உண்மைக்கு என்ன மரியாதை?

“தெரியும் சார்” என்றார் தலைமையாசிரியை. “பதினாறு வயசுப் பொண்ணு குத்துவிளக்கு வைக்க மாட்டா.”

இப்போதெல்லாம் வீட்டில் யார் கேட்டைத் திறந்து போட்டது, யார் மோட்டாரை அணைக்க மறந்தது என்று பேச்சு எழுந்தால் போதும். “அப்பா, ஃபேனைப் பாரு” என்பாள் வித்யா. என் மனைவி விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் சிரித்துவைப்பேன். வித்யா மட்டும் இன்னும் சிரிப்பதில்லை.