மரியாதை தெரிந்த பெட்டி

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க வீட்ல எர்த்தே இல்ல" என்றார் எலக்ட்ரீஷியன் ஸ்டீபன்ராஜ்.

வீட்டுக்குக் கூரையே இல்லை என்று சொல்லியிருந்தால்கூட ராசப்பன் இவ்வளவு பதறியிருக்க மாட்டார்.

"கம்பி இருக்கேப்பா! அதோ, சுவத்தோரமா இறங்குது பாரு."

"இறங்குது சார். ஆனா எங்கயும் போய்ச் சேரல. உள்ள துருப்பிடிச்சுப் பொடியாப் போச்சு. இடி விழுந்தா கரண்டு பூமிக்குள்ள போக வழியில்லாம வீட்டுக்குள்ளயே சுத்தும்."

ராசப்பன் திரும்பி, ஹால் அலமாரியில் செம்பு உயரத்துக்கு உட்கார்ந்திருந்த கறுப்புப் பெட்டியைப் பார்த்தார். பெற்ற பிள்ளையை மழையில் நிறுத்திவிட்ட மாதிரி இருந்தது அவருக்கு.

போக்குவரத்துக் கழகத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற ராசப்பன், எடமலைப்பட்டி புதூரில் இந்தப் பழைய வீட்டை வாங்கியபோது ஒன்றைக் கவனிக்கவில்லை. கட்டியவர் எந்த நல்ல நேரத்தில் யோசித்தாரோ, ஹாலுக்கான சுவிட்ச் போர்டை ஹாலில் வைக்காமல் சுவருக்குப் பின்னால், சமையலறைக்குப் போகும் நடையில் வைத்துவிட்டார். ஒரு விளக்குப் போட வேண்டுமென்றால் எழுந்து சுவரைச் சுற்றிப் போக வேண்டும். ராசப்பனின் முழங்காலோ எழுவதற்கே மனுப்போட வேண்டிய முழங்கால்.

சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த மகன் இளவரசன்தான் அந்தப் பெட்டியை வாங்கி வைத்தான். சுவிட்ச் போர்டுக்குள் சின்னச் சின்ன வில்லைகளைத் தன் கையாலேயே பொருத்தினான். "இனிமே நீங்க எழுந்திருக்கவே வேண்டாம்பா. வாயால சொல்லுங்க, லைட் எரியும்" என்றான். எரிந்தது. மகன் விமானம் ஏறிய பிறகும், பெட்டி பேசும்போதெல்லாம் அவன் பக்கத்து அறையில் இருப்பதுபோல் ராசப்பனுக்குத் தோன்றும்.

சித்திரை மாதத்து இடியில் அந்தப் பெட்டியும் வில்லைகளும் கருகிப்போயின. ராசப்பன் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். ரத்த அழுத்தம் ஏறி, டாக்டர் வீட்டுக்கே வந்து, "இவர் மனசு நோகாமப் பாத்துக்கங்கம்மா" என்று ராசப்பனின் மனைவி பவுனம்மாளிடம் சொல்லிவிட்டுப் போனார். இளவரசன் விஷயம் கேட்டு இரண்டாவது செட் அனுப்பி, ஆள் வைத்துப் பொருத்தச் செய்தான். "இதையாவது பத்திரமாப் பாத்துக்கங்கப்பா" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ராசப்பன் சிரிக்கவில்லை. அதைச் சத்தியமாக எடுத்துக்கொண்டார்.

அந்த இளவரசன் இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை வருகிறான். வானமோ ஐப்பசி வானம். தினமும் சாயங்காலம் கறுக்கிறது.

"தோண்டுப்பா" என்றார் ராசப்பன். "எவ்வளவு ஆழம் வேணுமோ தோண்டு."

"எதுக்கும் உள்ள சுவிட்ச் போர்டையும் ஒரு தடவை பாத்துடறேன் சார்."

பவுனம்மாள் நடையை மறித்துக்கொண்டு நின்றாள். "அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. நீங்க வெளிய பாருங்க."

ஸ்டீபன்ராஜ் வெளியே பார்த்தார். குழி தோண்டி, செம்புக் கம்பியை இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி மூடினார். "ஈரம் காயக் கூடாது சார். தினமும் தண்ணி ஊத்துங்க" என்றும் சொல்லிவிட்டுப் போனார். சொல்லியிருக்கக் கூடாது. தினமும் என்றால் ராசப்பனுக்கு வேளைக்கு வேளை. அவர் ஊற்றிய ஊற்றில் உப்புத் தண்ணீர் இறங்கி முருங்கை மரம் இலை உதிர்த்தது. மதில் சுவரைத் தாண்டிய ஈரம் பக்கத்து வீட்டுக்குள் புகுந்தது.

பக்கத்து வீட்டு ரசூல் வந்தார். "அண்ணே, உங்க மின்னலுக்கு வெட்டின குழியால எங்க பெட்ரூம் சுவத்துல உப்புப் பூக்குதுண்ணே."

"மன்னிச்சுக்க ரசூல். ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துக்க. இளவரசன் வரான்."

"தம்பி வரட்டும்ணே, சந்தோசம். அதுவரைக்கும் சுவரு நிக்கணுமே!"

அடுத்து, மீட்டர் பக்கத்தில் சர்ஜ் ப்ரொடெக்டர் வந்தது. மின்சாரம் எகிறினால் தடுக்கிற கருவி. ஸ்டீபன்ராஜுக்கு வேலை அதிகமாம். தானே மலிவாகக் கடைவீதியில் வாங்கி, தெரிந்த பையனை விட்டு மாட்டினார் ராசப்பன். அது இடி வரும் வரை காத்திருக்கவில்லை. பவுனம்மாள் மிக்ஸி போட்டாலே வீட்டை இருட்டாக்கியது. கிரைண்டர் போட்டால் சொல்லவே வேண்டாம்.

"ஏங்க, பாதி அரிசி முழுசா நிக்குது. இதுல நான் இட்லி எப்படி ஊத்துறது?"

"இட்லி முக்கியமா, பெட்டி முக்கியமாடி?"

பவுனம்மாள், வீட்டு வேலை செய்யும் ஜோதியைப் பார்த்தாள். ஜோதி கூரையைப் பார்த்தாள்.

"உனக்கு அதோட அருமை தெரியல" என்றார் ராசப்பன். "ஆவணியில நான் துறையூர் சாவுக்குப் போயிருந்தப்போ இங்க இடி விழுந்துச்சே, அப்பக்கூட அதுக்கு ஒண்ணும் ஆகல. ஒரு பல்பு போனதோட சரின்னு நீதானே சொன்னே? அதுக்கப்புறம் எவ்வளவு மரியாதையா நடந்துக்குது பாரு." பெட்டியின் பக்கம் திரும்பி, "ஹால் லைட் போடு" என்றார்.

"சாரி..." என்று தொடங்கி, நுனிநாக்கு இங்கிலீஷில் பெட்டி நீளமாக ஏதோ சொன்னது. ராசப்பனுக்கு முதல் சொல் மட்டும்தான் புரியும். சற்று நேரத்தில் விளக்கு எரிந்தது. பெருமையோடு திரும்பினார். ஜோதி பாத்திரம் விளக்கப் போய்விட்டிருந்தாள்.

"பாத்தியா? ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் வேலையைச் செய்யுது. நம்ம ஆபீஸ்ல ஒருத்தன் செஞ்சிருப்பானா?"

அதற்கும் சில குணங்கள் உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. மத்தியானம் பவுனம்மாள் கண் அசரும் நேரத்தில் அதுவும் மந்தமாகிவிடும், வெயில் சூடு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் இன்னும் மோசம். ஊரே இன்டர்நெட்டைப் பிடித்துத் தொங்குகிறது. எல்லாவற்றுக்கும் அவரிடம் காரணம் இருந்தது.

கடைசியாக மொட்டை மாடியில் இடிதாங்கி நட்டார். நட்ட மறுநாளே தெருவே திரண்டு வந்துவிட்டது. மின்னல் பாட்டுக்கு வேறு எங்கோ போகிறது, அதை ஏன் வெற்றிலை பாக்கு வைத்து இந்தத் தெருவுக்கு அழைக்கிறீர்கள் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ராசப்பன் விளக்கினார். கெஞ்சினார். யாரும் அசையவில்லை. வேறு வழியில்லாமல் கம்பியைப் பிடுங்கினார். பிடுங்கிய இடத்தில் தளத்தில் ஓட்டை விழுந்தது. அது நேராக ஹால் அலமாரிக்கு மேலே இருந்தது என்பதை மழைதான் அவருக்குத் தெரிவித்தது.

அன்று வெள்ளிக்கிழமை, மகன் வர இன்னும் இரண்டே நாள். பவுனம்மாள் வழக்கம்போல் திருவானைக்காவல் கோயிலுக்குப் போயிருந்தாள். நாலு மணிக்கெல்லாம் வானம் கும்மென்று இருண்டது. முதல் இடி இடித்தபோது, "அர்ச்சுனா, அர்ச்சுனா!" என்று அலறியபடி ராசப்பன் எழுந்தார். முழங்கால் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. கூரையிலிருந்து சொட்டிய முதல் சொட்டு, பெட்டியின் தலையில் சரியாக விழுந்தது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததென்பார்கள். இவருக்குக் குரங்காகவும் முடியவில்லை.

"ஜோதி! பிளக்கை எல்லாம் பிடுங்கு!"

"டி.வி., ஃப்ரிட்ஜ் பிடுங்கிட்டேங்கய்யா. கொடியில துணி கிடக்கு, எடுத்துட்டு வந்துடறேன்" என்று ஜோதி கொல்லைப்பக்கம் ஓடினாள்.

ராசப்பன் பெட்டியின் வயரைத் தன் கையாலேயே பிடுங்கினார். வேட்டி நுனியால் துடைத்தார். தகர டப்பாவுக்குள் வைத்தால் இடி ஒன்றும் செய்யாது என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். அரிசி டப்பாவைத் திறந்து, பெட்டியை அரிசிக்குள் புதைத்து மூடி, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஹால் நாற்காலியில் உட்கார்ந்தார்.

கண்ணைப் பறிக்கும் வெளிச்சம். அதே நொடியில் வீடு அதிர இடி. பின்தெரு தென்னைமரத்தில் விழுந்திருக்க வேண்டும். கரண்டு போயிற்று. மழை கொட்டித் தீர்த்தது.

மழை விட்டுச் சிறிது நேரத்தில் ரசூல் வீட்டு ஜன்னலில் விளக்கு எரிந்தது. கரண்டு வந்துவிட்டது. ராசப்பன் மட்டும் இருட்டிலேயே உட்கார்ந்திருந்தார். டப்பாவைத் திறக்க அவருக்குக் கை வரவில்லை. திறந்து, வயரை மாட்டி, அது பேசாவிட்டால்? தலையில் சொட்டிய தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தால்? ஞாயிற்றுக்கிழமை வாசலில் பையோடு நிற்கிற மகனிடம் என்ன சொல்வது? வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறவன், அப்பாவின் காலுக்காகத் தரையில் மண்டியிட்டு ஸ்க்ரூ முடுக்கியவன். அவன் கேட்டுக்கொண்டதே ஒன்றுதான். அதைக்கூடத் தன்னால் காப்பாற்ற முடியவில்லையே என்று நினைத்ததும் ராசப்பனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முருங்கையைக் கொன்றாயிற்று, பக்கத்து வீட்டுச் சுவரை ஊறவைத்தாயிற்று, கூரையில் ஓட்டை போட்டாயிற்று. எல்லாம் இதற்குத்தானா?

மூக்கை உறிஞ்சினார். கண்ணாடியைத் துடைக்கக் கழற்றினார். இருட்டில் துண்டு எங்கே என்று தெரியவில்லை. பழக்க தோஷம், வாய் தானாக முணுமுணுத்தது.

"ஹால் லைட் போடு..."

பதில் இல்லை. எப்படி இருக்கும்? தன் மடத்தனத்தை நினைத்து இன்னும் கொஞ்சம் அழுதார். பிறகு, கேட்கத்தான் ஆளில்லையே என்ற துணிச்சலில், வாய்விட்டே கத்தினார். "ஹால் லைட் போடேன்!"

பளிச்சென்று விளக்கு எரிந்தது.

ராசப்பன் அண்ணாந்து விளக்கைப் பார்த்தார். குனிந்து மடியிலிருந்த அரிசி டப்பாவைப் பார்த்தார். மூடி மூடியபடியே இருந்தது. அலமாரியில் வயர் அநாதையாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

சுவருக்குப் பின்னாலிருந்து, மூச்சு வாங்க ஜோதியின் குரல் வந்தது.

"கோவிச்சுக்காதீங்கய்யா, கொல்லையில நனைஞ்ச துணியப் பிழிஞ்சிட்டு இருந்தேன், முதல் தடவை காதுல விழல. ஆவணி இடியிலேருந்து சாயங்காலம் அம்மா முறைதான், அவங்க கோயில்லேருந்து இன்னும் வரல. ஃபேனும் சேத்துப் போட்டுடவா?"