கதவாபுரியின் ரத்துப்பொறி

கதவாபுரி கடலோரம் இருந்ததா, மலையடியில் இருந்ததா என்பது எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. பேரமைச்சரின் பெயரைக்கூட மாற்றிச் சொல்கிறேனோ என்னவோ. ஆனால் அந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு கதவு இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தண்ணீருக்கு ஒரு கதவு, தானியத்துக்கு ஒரு கதவு, மருந்துக்கு ஒரு கதவு. காவலர்கள் கிடையாது. செப்பு வில்லையைப் பொருத்தினால் கதவு திறக்கும். பொருத்துவது யார் என்று கதவு பார்ப்பதில்லை. வில்லையில் வெட்டிய குறியை மட்டும் பார்க்கும்.

வில்லை தொலைந்தால் அதன் குறியை ரத்து செய்ய வேண்டும். இதற்கு அங்கே ஒரு மரபு இருந்தது. ஒளிவுமறைவற்ற ஆட்சி என்பதால், ரத்தாகப் போகும் குறியை முதலில் நாற்சந்தியில் முரசறைந்து உரக்கப் படிப்பார்கள். ரத்து பிறகுதான் நடக்கும். அதற்குள் கைத்திறன் உள்ள யாராவது அதே குறியில் ஒரு வில்லை வெட்டிக் கிடங்கைக் காலி செய்துவிடுவார்கள். வெளிப்படைத்தன்மையில் தங்களுக்கு நிகரில்லை என்று அமைச்சர்கள் சொல்லிக்கொண்டார்கள். அது உண்மைதான்.

களவு பெருகியதும், வில்லையைத் தொலைப்பது குற்றம் என்று ஆணை வந்தது. அன்றிலிருந்து யாருமே வில்லை தொலைந்ததாகச் சொல்லவில்லை. தொலைவது நின்றுவிட்டதாக அரசு விழா எடுத்தது. விழா நடந்துகொண்டிருந்தபோதே கீழ்வீதிக் குளம் வற்றத் தொடங்கியது. ஏதோ ஒரு வில்லை அதன் மதகைத் திறந்து தண்ணீரை வேறெங்கோ கொண்டுபோனது.

கதவுகளின் தலைமைப் பொறியாளர் குமுதவல்லி கீழ்வீதியில் பிறந்தவள். அவள் தங்கை கைக்குழந்தையோடு இன்னும் அங்கேதான் இருந்தாள். ஒருநாள் வெறுங்குடத்தோடு அக்காவின் வாசலில் வந்து நின்றாள்.

"ஊருக்கெல்லாம் கதவு செய்யிறே. பிள்ளைக்கு வாய் நனைக்கத் தண்ணி இல்ல, அக்கா."

குமுதவல்லி குடத்தை நிரப்பிக் கொடுத்தாள். அந்த மழைக்காலம் முழுவதும் அவள் யாரோடும் அதிகம் பேசவில்லை. பேசாமல் இருந்த காலத்தில் செய்ததுதான் ரத்துப்பொறி. அது குறியை வெளியே சொல்லாது. வில்லையைத் தொலைத்தவருக்கு முதலில் புது வில்லை கொடுத்து, அது திறக்கிறதா என்று பார்த்த பிறகே பழையதைச் சாகடிக்கும். ஒரே நொடியில் எல்லாக் கதவுகளுக்கும் செய்தி போகும். அதற்கும் முன்னால், இதை மூடினால் எந்தெந்தக் கதவு யாருக்கு அடைபடும் என்று ஒத்திகை நடத்திக் காட்டும். அதைப் பார்த்தபோது அவளுக்குத் தன் கைகள் மீதே மரியாதை வந்தது.

குளத்து மதகைத் திறக்கும் வில்லைக்குக் காலாவதியாகும் முடிவு நாளே இல்லை என்பதைப் பொறி கண்டுபிடித்தது. அது யார் கையில் இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை. அமைச்சரவை கூடியது. முடிவு நாள் இல்லாத வில்லை எதுவானாலும் அது கீழ்வீதிக்காரர்களின் மோசடியாகத்தான் இருக்க வேண்டும் என்றும், அத்தனையையும் மக்கள் முன்னிலையில் ரத்து செய்வது என்றும் முடிவானது. ரத்து விழாவுக்குப் பேரமைச்சர் வாகையார் மாலையோடு வந்தார். மன்னரும் வந்திருந்தார்.

"ஐயா, ஒரு ஒத்திகை பாத்துட்டு ரத்து பண்ணலாம்," என்றாள் குமுதவல்லி.

"ராஜாங்கம் ஒத்திகை பார்ப்பதில்லை, அம்மணி. ஆணையிட்டால் ஆணைதான்," என்றார் வாகையார்.

"யாரு வெளிய நிப்பாங்கன்னு எனக்கே தெரியாதுங்க."

"குற்றமற்றவர் அஞ்ச வேண்டியதில்லை."

கூட்டத்திலிருந்து ஒரு குரல், "அஞ்சலைங்க, தாகமாத்தான் இருக்கு," என்றது. சிரித்தவர்கள் உடனே சிரிப்பை விழுங்கினார்கள்.

குமுதவல்லி ஆணையை எல்லோருக்கும் கேட்கும்படி இன்னொரு முறை சொல்லுமாறு கேட்டுக்கொண்டாள். வாகையார் கம்பீரமாகச் சொன்னார். அவள் பொறியின் பிடியை இறக்கினாள். ஒரு சத்தமும் வரவில்லை. நல்ல பொறி சத்தம் போடாது.

விழா முடிந்து திரும்பியவர்களுக்கு அரண்மனைக் கதவு திறக்கவில்லை. வாகையார் தன் வில்லையைத் துடைத்துப் பொருத்தினார், திருப்பிப் பொருத்தினார். மக்களின் வில்லைகளெல்லாம் ஓராண்டுக்கு உரியவை. முடிவு நாள் இல்லாதவை மன்னரிடமும் அமைச்சர்களிடமும் அவர்களுடைய மைத்துனர்களிடமும் மட்டுமே இருந்தன. குளத்துத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது அரண்மனைத் தோட்டத்து அன்னத் தடாகத்துக்கு.

குமுதவல்லியை அழைத்து வந்தார்கள். கூட்டமும் பின்னாலேயே வந்தது. உடனே திறக்கும்படி வாகையார் அதட்டினார். அவள் தலை குனியவில்லை.

"புது வில்லை தாராளமா தரலாங்க. முடிவு நாள் போட்டுத்தான் தருவேன். அந்த நாள் எதுன்னு இவங்க சொல்லட்டும்," என்று கூட்டத்தைக் காட்டினாள்.

மன்னர் நாள் போட்ட வில்லையை வாங்கிக்கொண்டு, அந்த நாள்வரை ஆட்சி செய்து, அரியணையிலிருந்து இறங்கினார். வாகையார் வாங்க மறுத்து அண்டை நாட்டில் மகள் வீட்டில் தங்கிவிட்டார். அன்னங்கள் வேறு நீர்நிலைக்குப் பறந்தன. கீழ்வீதிக் குளம் நிரம்பியது. தங்கையின் பிள்ளை அதில் நீந்தக் கற்றது. குமுதவல்லி தன் வில்லைக்கும் ஒரு நாள் போட்டிருந்தாள். அந்த நாள் வந்ததும் பொறியை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.