நூற்றுக்கு நூறு ஜெயித்த குதிரை

நாலு பேர் கூடிய இடத்தில் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். (பெண் பார்க்கப் போனபோது, மாப்பிள்ளை ஊமையோ என்று மாமனார் வீட்டில் விசாரித்தார்களாம்.) திண்டுக்கல்லில் பைக்குகளுக்கு சீட் கவர் தைக்கிறேன். வாய்க்கு வேலையில்லாத தொழில். செஸ் பிடித்துப்போனதும் அதனால்தான்.

என் சம்பந்தி சேவுகம்பட்டி விவசாயி. அவருக்கும் செஸ் பைத்தியம், வாயும் உண்டு. பேத்தியின் காதுகுத்துக்கு முந்தைய வாரம் போன் செய்தார். "எல்லா விசேசத்துலயும் நாந்தேன் மைக்கப் பிடிக்கிறேன். இந்தத் தடவ காலைல ஒரு ஆட்டம் போடுவோம். தோக்குறவுக வரவேற்புரை. சரியா சம்பந்தி?"

மாட்டேன் என்று சொல்வதற்கும் பேச வேண்டுமே. "ம்" என்றேன்.

அன்றிரவே தோற்காமலிருக்க வழி தேடினேன். செல்போனில் இரண்டு வழி இருந்தது. ஒன்று, எந்த நகர்த்தல் நல்லதென்று கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுச் சொல்வது. இன்னொன்று, போட்டிகளில் நடந்த பழைய ஆட்டங்களின் பட்டியல். சம்பந்தி வழக்கமாகத் தொடங்கும் முறைக்கு, ஆறாவது நகர்த்தலில் குதிரையை வெட்டுக்கொடுத்தவர் நூற்றுக்கு நூறு ஜெயித்திருப்பதாகப் பட்டியல் சொன்னது.

காதுகுத்து வேலைக்காக வந்திருந்த மகள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, கம்ப்யூட்டர் இத மட்டமான நகர்த்தல்ங்குதே?"

"கம்ப்யூட்டருக்கு என்னத்தா தெரியும்? இது மனுசன் ஆடி ஜெயிச்சது."

"மொத்தமே ஒரு ஆட்டந்தாம்ப்பா இருக்கு!"

"அந்த ஒண்ணுலயும் ஜெயிச்சிருக்கான்ல?"

அவள் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள். அப்புறம் அந்த ஆட்டத்தைத் திறந்தால், ஆடியவர்கள் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. யாரோ வெள்ளைக்காரர்கள் என்று விட்டுவிட்டேன்.

காதுகுத்தன்று காலை, மண்டபத்து அறையில் பலகையை விரித்தோம். ஆறாவது நகர்த்தலில் குதிரையை 'டொக்'கென்று வைத்தேன். (என் வாழ்நாளில் நான் எழுப்பிய பெரிய சத்தம் அதுதான்.)

சம்பந்தி துள்ளி எழுந்து மனைவியைக் கூப்பிட்டார். "ஏத்தா, ஓடியா! மதுரைப் போட்டில ஒரு காலேஜ் புள்ள என்னையக் கவுத்துச்சுல்ல, அதே குதிர!"

"இதுக்குத்தான நாலு மாசமா போனே கதின்னு கெடந்தீக? வைங்க பதில!" என்றார் சம்பந்தியம்மா.

சம்பந்தி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பட்டியல்ல பாத்தீகளாக்கும்? அந்த ஆட்டத்துல தோத்தவனே நாந்தேன் சம்பந்தி! கம்ப்யூட்டர்ட்ட பதிலக் கேட்டு மனப்பாடம் பண்ணிட்டு, இத வைக்க இன்னொரு ஆளு வரமாட்டானான்னு காத்துக் கெடந்தேன்!"

அடுத்த ஒன்பது நகர்த்தலில் என் ராஜா நடுப்பலகையில் அநாதையாகச் செத்தார்.

கையில் மைக்கைத் திணித்தார்கள். எதிரே மண்டபம் நிறைய முகங்கள். ஜெயிப்பது உறுதி என்பதால் ஒரு வரிகூடத் தயார் செய்யவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்:

"எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போங்க."

மண்டபமே எழுந்து சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்விட்டது. தாய்மாமனான என் மகன்கூட முதல் பந்தியில் உட்கார்ந்திருந்தான். ஊசியோடு ஆசாரி, அவர் மடியில் பேத்தி, மைக்கோடு நான். சமையல்காரர் கரண்டியோடு ஓடி வந்தார். "யாருய்யா அனுப்புனது? கறி இன்னும் வேகவே இல்ல!"

இப்போதும் வீட்டுக்கு வந்தவர்கள் செத்த நேரம் கூடுதலாக உட்கார்ந்துவிட்டால், "இவுக கையில மைக்கக் குடுங்க" என்பாள் என் மனைவி. மைக்கே தேவைப்படுவதில்லை. போன மாதம் நான் தொண்டையைத்தான் செருமினேன். வந்திருந்தவர் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்.