படமே இல்லாத பாட்டு

"…அதெல்லாம் இருக்கட்டும் நேசன், இந்தப் பாட்டு எந்தப் படம்? படம் பேர் தெரியாம நான் எப்படி அனௌன்ஸ் பண்றது?" என்று கல்யாணி ஆன்ட்டி பேனாவும் கையுமாக நின்றார்.

நான் என் வாழ்நாளில் ஒரே ஒரு படம்தான் எடுத்திருக்கிறேன். அதை அங்கேயே, பத்து வினாடியில் எடுத்து முடித்தேன்.

"தீவுக்கு வந்த மாப்பிள்ளை, ஆன்ட்டி."

"யாரு ஹீரோ?"

"எல்லாம் புதுமுகம்."

எண்பதுகளின் நடுப்பகுதி. அமெரிக்காவில் மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில் ஒரு தேவாலயத்தின் அடித்தள மண்டபத்தில் பொங்கல் விழா. வந்தவர்களில் முக்கால்வாசி சென்னைக்காரர்கள். இலங்கையர் நாங்கள் மூன்றே குடும்பம். மேடையில் நான் கித்தாரோடு. பக்கத்தில் பொங்கோ மேளத்தோடு என் நண்பன் யோகன்.

அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் யாழ்ப்பாணத்தில் நாங்கள் நான்கு பெடியள் சேர்ந்து பொப் பாட்டுக் குழு வைத்திருந்தோம். (தலைமயிரைப் பார்த்தால் எட்டுப் பேர் மாதிரி இருப்போம்.) இந்தியாவில் பாட்டு என்றால் படத்திலிருந்து இறங்கி வரவேண்டும். எங்கள் குட்டித் தீவில் அது தன் காலாலேயே நடந்து வந்தது. நாங்களே எழுதி, நாங்களே மெட்டுப் போட்டு, கார்னிவல் மேடையில் ஏறினால் சனம் கதிரையைத் தள்ளிவிட்டு ஆடும். "கதாநாயகன் இல்லாட்டி என்னடா, எங்களுக்குச் சனம் இருக்கு" என்பான் யோகன். பாட்டெல்லாம் அவன் எழுதியவை.

எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பில் அவனுடைய வீடு எரிந்தபோது பாட்டுக் கொப்பியும் கசெட்டுகளும் சேர்ந்து போயின. அதன் பிறகு அமெரிக்காவின் இன்னொரு மூலையில், ரிச்சர்ட்சனில் அக்கா வீட்டில் இருந்தவன், இந்த ஒரு பாட்டைப் பாடத்தான் பிளேன் ஏறி வந்திருந்தான். குழுவின் மற்ற இருவரும் எங்கே என்று தெரியாத நிலையில், அது அப்போது எங்கள் இரண்டு தொண்டைகளில் மட்டும்தான் இருந்தது. அந்தப் பாட்டைத்தான் நான் புதுமுகங்களுக்குத் தாரை வார்த்தேன். ஏன்? படமில்லாத பாட்டு என்று சொல்வது, விசா இல்லாமல் வந்தேன் என்று சொல்வதைப் போல் கூச்சமாக இருந்தது.

ஆன்ட்டி கம்பீரமாக அறிவித்தார். முன் வரிசையில் இருந்த திருச்சி டாக்டர் ஒருவர் தன் மனைவியிடம் திரும்பி, "பார்த்திருக்கேன். இன்டர்வெல்லுக்கு அப்புறம் கொஞ்சம் போர்" என்றார்.

நான் தொடங்கினேன்:

"சைக்கிளுக்குக் காத்துப் போச்சு, சந்தியில நிக்கிறன்,
சைட்டால போறவளே, சாட்டுச் சொல்லி நிக்கிறன்…"

பொங்கோ வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். யோகன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் போல் இருந்தான்.

"அடியடா!" என்றேன், பல்லைக் கடித்தபடி.

"நான் ஏன் அடிக்க? படத்தில அடிச்சவன் வந்து அடிக்கட்டும்."

மைக் அவன் வாயருகே இருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது. பின்வரிசையில் என் மனைவி கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள். (அழுகை என்று நினைத்தேன். சிரித்தாளாம்.)

கித்தாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மைக்கில் சொன்னேன்: "மன்னிச்சுக் கொள்ளுங்கோ. அப்பிடி ஒரு படம் இல்லை. நான் பொய் சொன்னனான். இது எங்கட பாட்டு. எழுதினது இவன்."

டாக்டர் தன் தட்டிலிருந்த வடையை ஆழ்ந்து பரிசோதிக்கத் தொடங்கினார்.

அப்போதுதான் பொங்கோ பேசியது. இரண்டாவது சரணத்தில் பிள்ளைகள் எழுந்தார்கள், மூன்றாவதில் அவர்களைப் பிடிக்கப் போன அம்மாக்களும் ஆடிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கும் நான் எதையாவது பெருப்பித்துச் சொன்னால் என் மகள், "அப்பா, விச் மூவி?" என்பாள். சொல்லட்டும். சினிமா தயவில்லாமல் ஒரு மண்டபத்தையே ஆட வைத்தவர்கள் நாங்கள்.

பாட்டு முடிந்ததும் கல்யாணி ஆன்ட்டி மேடையேறி வந்தார். திட்டப் போகிறார் என்று தலையைக் குனிந்தேன். அவர் என்னைக் கவனிக்கவே இல்லை.

"ஏம்ப்பா யோகன், இதை எங்கேயாவது எழுதி வச்சிருக்கியா?"

"இல்லை ஆன்ட்டி. எல்லாம் எரிஞ்சு போச்சு."

ஆன்ட்டி மேடை விளிம்பிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்தார். நிகழ்ச்சி நிரலைத் திருப்பி மடியில் வைத்து, "மெதுவா சொல்லு" என்றார். நான்கு சரணத்தையும் எழுதி முடிக்கும்வரை ஒருவரையும் சாப்பாட்டுக்கு விடவில்லை.