ஒரே மாவு, வேற கவர்

வைப்பரைப் போட்டால் ஹாரன் அடித்தது.

வைப்பர் இடப்பக்கம் போகும்போது ஒரு 'பாம்', வலப்பக்கம் வரும்போது இன்னொரு 'பாம்'. வெளியே மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. முன்னால் போய்க்கொண்டிருந்தது, வேறு யாருடைய காராகவும் இருந்திருக்கலாம்; இருந்தாலும் அது மேனேஜரின் காராகத்தான் இருந்தது.

மேனேஜர் கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஓரமாக நிறுத்தி, கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"என்னய்யா, யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்ல சார். மழை."

"மழைக்கு எதுக்குய்யா ஹாரன் அடிக்கிற?"

"நான் அடிக்கல சார். அதுவா அடிக்குது. வைப்பரை நிறுத்தினா ரோடு தெரியல. போட்டா நீங்க கோவிச்சுக்கறீங்க."

மேனேஜர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "முன்னாடி போய்த் தொலை" என்றார். நம்மவர் 'பாம் பாம்' என்று முன்னாடி போய்த் தொலைந்தார்.

நம்மவருக்கு வேலை பிஸ்கட் தொழிற்சாலையில். தரக்கட்டுப்பாடு. பெல்ட்டில் ஓடும் பிஸ்கட்டுகளில் உடைந்தது, கருகியது, கோணலானது எல்லாவற்றையும் பொறுக்கி எறிய வேண்டும். மாமியார் வீட்டில் இவருக்குப் 'பிஸ்கட் மாப்பிள்ளை' என்று பெயர். மரியாதைக்காக நாம் பிஸ்கட்டார் என்று வைத்துக்கொள்வோம்.

அந்தத் தொழிற்சாலையில் ஒரு விஷயம் உண்டு. ஒரே மாவு, ஒரே அடுப்பு, ஒரே பிஸ்கட். பாதி மஞ்சள் கவரில் போகும், பாதி தங்கக் கவரில் போகும். தங்கக் கவருக்கு விலை அதிகம். தினமும் இதைப் பார்த்துப் பார்த்து, உலகத்தில் எல்லாமே இப்படித்தான் என்று பிஸ்கட்டார் முடிவு கட்டிவிட்டார்.

எனவே கார் வாங்கப் போனபோது, "டாப் மாடலே எடுத்துடலாங்க, தங்கச்சி வீட்டுல அதான் எடுத்திருக்காங்க" என்று மனைவி சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"அடி போடி. ஒரே மாவு, வேற கவர். பேஸ் மாடலை எடுப்போம். அந்தத் தொடுதிரை, கேமரா, பூப்போட்ட வீல் எல்லாத்தையும் வெளியில வாங்கி மாட்டிக்கலாம். டாப்பை விட டாப்பா இருக்கும். நீயே அசந்து போயிடுவ."

இதை அவர் வீட்டுக்குள் சொல்லியிருந்தால் பரவாயில்லை. மாமியார் வீட்டில், சாப்பாட்டு மேஜையில், எல்லோர் எதிரிலும் சொன்னார். மனைவியின் தங்கை சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். அவள் கணவர், அதாவது பிஸ்கட்டாரின் சகலை, வழக்கம்போல வாய் திறக்கவில்லை. அவர் சாப்பிடவும் கொட்டாவி விடவும் மட்டும் வாய் திறப்பவர்.

மனைவி நிதானமாகக் கை கழுவிவிட்டு வந்தாள்.

"சரி, பேஸே எடுங்க. அடுத்த தடவை எல்லாரும் இங்க கூடறப்போ என் கண்ணைக் கட்டி ரெண்டு கார்லயும் உக்கார வைங்க. எது நம்ம கார், எது தங்கச்சி கார்னு எனக்குத் தெரியக்கூடாது. நான் சரியாச் சொல்லிட்டேன்னா, அப்புறம் நம்ம வீட்டுல ஒரு குண்டூசி வாங்கறதுன்னாலும் நான்தான் முடிவு பண்ணுவேன்."

பிஸ்கட்டார் மனதுக்குள் கணக்குப் போட்டார். வீட்டில் பெயின்ட் நிறம் அவள் முடிவு. கட்டில், பீரோ, பாத்திரம் தேய்க்கும் நார் வரைக்கும் அவள் முடிவு. வண்டி வாகனம் ஒன்றுதான் அவர் கையில் மிச்சமிருந்த கடைசி இலாகா. அதுவும் போனால் அந்த வீட்டில் அவரும் ஒரு மேஜை நாற்காலிதான். ஆனாலும் ரோஷம் விடவில்லை.

"பந்தயம்!" என்றார்.

வெள்ளை நிறப் பேஸ் மாடல் வீட்டுக்கு வந்தது. நல்ல கார். சத்தம் போடாத கார். ஜன்னலைக் கையால் சுற்றி இறக்க வேண்டும், அவ்வளவுதான். வந்த மறுநாளே அவர் சடக்கென்று பிரேக் போட, மனைவி கையிலிருந்த டீ முன் சீட்டில் கொட்டி, வாத்து வடிவத்தில் கறையாகிவிட்டது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. "என் வாத்து" என்று அவள் அதன் மேலேயே உட்கார்ந்து ஊரெல்லாம் வந்தாள். பார்க்கப் போனால் அந்த நாட்களில் இருவரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். அதை அப்படியே விட்டிருந்தால் அவர் ஏன் பிஸ்கட்டாராக இருக்கப் போகிறார்?

கார் அலங்காரக் கடைக்காரர் எப்போதும் சிரித்த முகம். எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "அது ஒரு மேட்டரே இல்ல சார்."

"டாப் மாடல்ல வர்ற அதே திரை வேணும்."

"அது ஒரு மேட்டரே இல்ல சார். ஒரிஜினலே இருக்கு. புது வண்டியில இருந்து ஒருத்தர் கழட்டிப் போட்டுட்டுப் போயிருக்காரு."

"புது வண்டியில இருந்தா? எவன்யா அந்தப் பைத்தியக்காரன்?"

"எல்லா விதமாவும் ஆளுங்க இருக்காங்க சார்" என்றார் கடைக்காரர், அவரையே பார்த்துக்கொண்டு.

அந்தத் திரையை மாட்டியதன் பலன்தான் மேனேஜரோடு நடந்த மழைக் கச்சேரி.

மறுநாள் காலையில் பிஸ்கட்டார் கடை வாசலில் நின்றார். கடைக்காரர் காருக்குள் தலையை விட்டுப் பார்த்தார்.

"திரை டாப்பு, வயரிங் பேஸு. ரெண்டுக்கும் ஒத்துப்போகல சார். டாப் வயரிங் போட்டா சரியாயிடும். உங்களுக்கு அதிர்ஷ்டம். அதே ஆள் அதையும் கழட்டிட்டாரு."

வயரிங் மாறியது. ஹாரன் அடங்கியது. பிஸ்கட்டார் பெருமையாக வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். தெரு முனையில் காருக்குள் ஒரு பெண் குரல் கேட்டது.

"இருக்கையைக் காணவில்லை."

அவர் தன் இருக்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். இருந்தது. அவரும் அதன் மேல்தான் இருந்தார்.

"இருக்கையைக் காணவில்லை. இருக்கையைக் காணவில்லை."

மறுபடி கடை.

"அது ஒண்ணுமில்ல சார். டாப் வயரிங், டாப் சீட்டைத் தேடுது. பாவம், புது இடமில்ல? சீட்டையும் மாத்திட்டா பேசாம இருந்துடும். ஜன்னலுக்கு மோட்டாரும் சேத்துப் போட்டுடறேன். உங்க பழைய சீட்டையும் கைப்பிடியையும் இங்கயே விட்டுட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்."

அன்று மாலை மனைவி காரில் ஏறிப் பார்த்துவிட்டு முகம் வாடினாள்.

"என் வாத்து எங்க?"

"கடையில கொடுத்துட்டேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கறை பிடிச்ச சீட்டுக்கு யாராவது உத்தரவு கேப்பாங்களா?"

அவள் கைப்பையைப் பின் சீட்டில் வைத்தாள். பீப் பீப் என்று கார் அலறியது. புது சீட்டுக்கு அந்தப் பை ஒரு ஆள். பைக்கு பெல்ட் போட்டதும் அடங்கியது. அன்றிலிருந்து அந்தக் காரில் கைப்பை, காய்கறி, தொழிற்சாலையில் மலிவாகக் கிடைக்கும் உடைந்த பிஸ்கட் மூட்டை எல்லாமே பெல்ட் போட்டுக்கொண்டு மரியாதையாகப் பயணம் செய்தன.

அதோடு நின்றதா? சீட்டு வந்ததும் ஸ்டீயரிங் வேண்டும் என்றது. ஸ்டீயரிங் வந்ததும் பின்னால் கேமரா எங்கே என்றது. எதைக் கேட்டாலும் கடைக்காரரிடம் அது தயாராக இருந்தது. "அதே ஆள்தான் சார். அதையும் கழட்டிட்டாரு. உங்களுக்காகவே கழட்டற மாதிரி இருக்கு." கேமராவைத் தலைகீழாக மாட்டிவிட்டார்கள். திரையில் வானம் கீழேயும் ரோடு மேலேயும் தெரிய, பிஸ்கட்டார் சொந்த வீட்டு கேட்டையே இடித்தார்.

டாப் மாடலுக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடித்த பணம் எப்போதோ கரைந்து, அதற்கு மேலும் போய்க்கொண்டிருந்தது. இதை அவர் மனைவியிடம் சொல்லவில்லை. தன்னிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

அந்தப் பெண் குரல் வேறு விடாமல் பேசியது. கோட்டைத் தாண்டினால் சொல்லும், தாண்டாவிட்டாலும் சொல்லும். ஒருநாள் நட்டநடு ரோட்டில், "நீங்கள் களைப்பாக இருக்கிறீர்கள். ஓய்வெடுங்கள்" என்றது.

"அவளுக்கே தெரியுது" என்றாள் மனைவி.

பிஸ்கட்டார் அன்று வண்டியை ஓரம் கட்டிவிட்டு யோசித்தார். கோணல் பிஸ்கட்டைப் பத்தடி தூரத்திலேயே கண்டுபிடிக்கிறோம். நம் புத்தி கோணினால் மட்டும் ஏன் பெல்ட்டில் ஓடவிட்டு வேடிக்கை பார்க்கிறோம்? தன்னைத் தானே பொறுக்கி எறிந்துவிடலாம் போல இருந்தது. ஆனால் இலாகா முக்கியம். வண்டியை எடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாமியார் வீட்டு வாசலில் இரண்டு வெள்ளைக் கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. மனைவி வெளியிலிருந்து பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பிஸ்கட்டார் அவளை முந்தின நாளே பஸ்ஸில் அனுப்பிவிட்டு, காரைத் தனியாக ஓட்டி வந்திருந்தார்; வந்ததும் அவளை வாசல் பக்கமே விடவில்லை. சாப்பாடு முடிந்ததும் அவளே கைக்குட்டையை எடுத்துக் கண்ணைக் கட்டிக்கொண்டாள்.

"வேணாங்க்கா. நீங்களே ஜெயிச்சதா வச்சுக்கோங்க. வெயில்ல எதுக்கு?" என்று தங்கை குறுக்கே வந்தாள்.

"ஏன், பயமா?" என்றார் பிஸ்கட்டார்.

"எனக்கென்ன மாமா பயம்?" என்று அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் வாசல் செடியில் பூச்சி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமியார் கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கார் என்றால் நான்கு சக்கரமும் ஒரு ஹாரனும் என்ற அளவில்தான் ஞானம்.

பிஸ்கட்டார் மனைவியின் கையைப் பிடித்து, இரண்டு சுற்று சுற்றிவிட்டு, முதலில் தன் காரில் உட்கார வைத்தார். சாவியைத் திருப்பியதும் பீப் பீப். "வணக்கம். நீங்கள் களைப்பாக இருக்கிறீர்கள்."

"ம்" என்றாள் மனைவி. "சரி, அடுத்தது."

சகலையின் காரில் ஏற்றினார்கள். சகலை சாவியைத் திருப்பினார். கார் பேசாமல் இருந்தது. மனைவி கதவைத் தடவினாள். கைப்பிடி கிடைத்தது. மெதுவாகச் சுற்றினாள். ஜன்னல் இறங்கி, காற்று உள்ளே வந்தது. அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"இதுதாங்க நம்ம கார்!" என்றாள். "எனக்குத் தெரியாம எல்லாத்தையும் பழையபடி மாத்திட்டீங்களா? எவ்ளோ நிம்மதியா இருக்கு! போங்க, பந்தயமாவது ஒண்ணாவது. இலாகாவை நீங்களே வச்சுக்கோங்க."

பிஸ்கட்டார் ஒரு குதி குதித்தார்.

"தப்பு! தப்பு! அது உன் தங்கச்சி கார்! நான் ஜெயிச்சுட்டேன்! நான் அப்பவே சொன்னேனா இல்லையா, ஒரே மாவுன்னு?"

மனைவி கைக்குட்டையை அவிழ்த்தாள். குனிந்து சீட்டைப் பார்த்தாள்.

"அப்படின்னா என் வாத்து இங்க என்ன பண்ணுது?"

எல்லோரும் காருக்குள் தலையை நீட்டினார்கள். வாத்து அலகு, வால் எல்லாம் அப்படியே இருந்தது.

பிஸ்கட்டார் சகலையைப் பார்த்தார். சகலை செடியை விட்டு நிமிர்ந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை.

"என்னால முடியல அண்ணே. நாள் முழுக்க ஆபீஸ்ல போன்ல புகார் கேக்கறவன் நான். கார்லயாவது கொஞ்சம் சும்மா இருக்கலாம்னா, அந்தத் திரையில இருக்கறவ பேசறா. பேசிக்கிட்டே இருக்கா. உங்க கார் எவ்ளோ அமைதியாப் போகுதுன்னு பொறாமையா இருந்துச்சு. திரையை மட்டும்தான் கழட்டச் சொன்னேன். கழட்டினா வயரிங் கத்துச்சு. வயரிங்கை மாத்தினா, பேஸ் சீட்டு இருந்தாத்தான் அடங்கும்னாரு. கடைசியில பாத்தா எல்லாமே போயிடுச்சு."

"எந்தக் கடை?" என்றார் பிஸ்கட்டார், பதில் தெரிந்தே.

"எதைக் கேட்டாலும், 'அது ஒரு மேட்டரே இல்ல சார்'னு சொல்லுவாரே..."

"உங்ககிட்ட கழட்டற கூலி வாங்கினாரா?"

"ஆமா. உங்ககிட்ட?"

"மாட்டற கூலி."

"உங்க சீட்டை எனக்கு மாட்டவும் கூலி வாங்கினாரு அண்ணே."

தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். மனைவி வாத்தின் மேல் உட்கார்ந்தபடி இறங்க மாட்டேன் என்றாள். பிஸ்கட்டார் தொண்டையைக் கனைத்து, மிச்சமிருந்த மானத்தையெல்லாம் ஒன்றுகூட்டிப் பேசினார்.

"இருக்கட்டும். எது எப்படியோ, நான் நெனச்சது நடந்துடுச்சுல்ல? என் காரு இப்ப டாப்பு. சகலை ஆசைப்பட்ட மாதிரி அவர் காரு பேஸு. இதுக்கு மூளை வேணும்."

இவ்வளவு நேரமும் கதவு நிலையில் சாய்ந்து, இரண்டு கார்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த மாமியார் அப்போதுதான் வாய் திறந்தார்.

"ஏன் மாப்பிள்ளை, அதுக்கு ரெண்டு பேரும் சாவியை மாத்திக்கிட்டிருந்தா போதுமே?"